அட்டப்பாடி: ராகி திரும்பிய மலை

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லை தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. கிழக்கே ஓடிவரும் பவானியின் இருபுறமும் இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள்.

1951ல் இங்கே பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011ல் பாதிக்கும் குறைவு. வந்தேறியவர்களிடம் நிலம் கைமாறியது. ராகியும் சாமையும் விளைந்த இடம் சுருங்க, ரேஷன் அரிசியே சாப்பாடானது. கர்ப்பிணிகளை ரத்தசோகை வாட்டியது. 2013ல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

ஊர்களில் சமுதாய சமையலறைகள் திறக்கப்பட்டன. 2017ல் தொடங்கிய சிறுதானியத் திட்டம் ராகியை மீண்டும் வயலுக்குக் கொண்டுவந்தது. கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பிரசவம் என்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும்.

பறிபோன நிலத்தை மீட்க 1975லேயே சட்டம் வந்தது. பெரும்பகுதி நிலம் இன்னும் திரும்பவில்லை.