குடலேற்றம்

ஒரு சொல் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வருமாயின், மக்கள் கண்டறிந்த உண்மை அதன்கண் சிறிதேனும் இருத்தல் வேண்டும் என்பது தமிழ் பயிலும் எம்மனோர் துணிபு. 'குடலேற்றம்' என்பதும் அத்தகைய சொற்களுள் ஒன்று. குழந்தை ஓயாது அழினும், பாலைக் கக்கினும், வயிறு பொருமினும், வேளச்சேரியில் யாம் வாழும் தெருவிலுள்ள தாய்மார் 'குடல் ஏறிவிட்டது' என்பர். உடனே குடல் தட்டும் பாட்டியாரிடம் எடுத்துச் செல்வர். பறக்கும் இரயில் வந்த பின்னரும், ஏரியைச் சூழ அடுக்கு மாடிகள் எழுந்த பின்னரும், இவ்வழக்கம் ஒழிந்திலது.

மருத்துவ நூலார் 'குடற்செருகல்' எனக் கூறும் நோயொன்று உளது. சட்டைக் கை உள்மடிந்து தன்னுள்ளே தான் புகுவது போலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதியினுள் நுழைந்து சிக்கிக்கொள்வதே அது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதி பெருங்குடலினுள் புகும். 3 திங்கள் முதல் 3 ஆண்டு வரையுள்ள மக்களுக்கே இது மிகுதியும் வரும். சளியோ வயிற்றுப்போக்கோ கண்டபின் குடற்சுவரிலுள்ள நிணத்திரள்கள் வீங்குதல் ஒரு காரணமாகலாம் என்பர். பலரிடத்துக் காரணம் புலப்படுவதில்லை. உட்புகுந்த குடலோடு குருதிக் குழாய்களும் ஈர்க்கப்பட்டு நெருக்குண்ணும். முதலில் வீக்கமும், பின்னர்ச் சளியுங் குருதியுங் கலந்த செந்நிறக் கழிவும், இறுதியில் குடல் அழுகிப் பொத்தலாதலும் நிகழும். ஓரிரு நாட்களுக்குள் இவையெல்லாம் நிகழ்ந்துவிடக் கூடுமாதலின், ஒவ்வொரு நாழிகையும் விலையுடைத்து.

சென்ற ஆண்டு எம் அண்டை வீட்டு 8 திங்கட் குழந்தைக்கு இந்நோய் கண்டது. கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டழும், சிறிது நேரம் சோர்ந்து கிடக்கும், மீண்டும் வீறிடும். பாட்டியார் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினார். அழுகை அடங்கவே, யாவரும் ஆறுதல் கொண்டனர். கால் மணிக்குப் பின் அவ்வழுகை முன்னினும் பெரிதாய் எழுந்தது. பச்சை நிறமாய் வாந்தியும் வந்தது. அரைத் துணியிற் செந்நிறங் கண்ட பாட்டியார் எண்ணெய்க் கிண்ணத்தை அப்புறம் வைத்துவிட்டு, "இது என் கைக்கு அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே எடுத்துப் போங்கள்" என்றார். கிண்டி, சைதாப்பேட்டை வழியாக எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆட்டோவில் யாமும் உடன் சென்றேம்.

ஆங்கே முதலில் நரம்பு வழியாக நீர் ஏற்றினர். ஒலியலைக் கருவியால் நோக்கியபோது வளையத்துள் வளையம் போன்றதோர் உருவம் திரையில் தோன்றிற்று. அதுவே செருகலின் அடையாளம் என்றனர். பின்னர் ஆசனவாய் வழியே உப்பு நீரை அளவறிந்து செலுத்த, அதன் அழுத்தத்தால் உட்புகுந்த குடல் சிறிது சிறிதாகப் பின்வாங்கி விடுபட்டது. நீருக்கு மாறாகக் காற்றைச் செலுத்துவாரும் உளர். பாதரச அளவில் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தைத் தாண்டாமற் காப்பர். குடல் பொத்தலாயினும், வயிற்றறை அழற்சி கண்டாலும் இம்முறை ஆகாது, அறுவையே வழி. அறுவையிலும் குடலைப் பற்றி இழுத்தல் கூடாது. கீழிருந்து மெல்லப் பிதுக்கித் தள்ளுதல் வேண்டும். விடுபட்ட குடல் பத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ மீண்டும் செருகுமாதலின், சின்னாள் கண்காணித்தலும் வேண்டும்.

தரங்கம்பாடியால் நமக்கு அறிமுகமான டென்மார்க்கு நாட்டு ஹிர்ஷ்ஸ்பிரங் என்னும் மருத்துவர் 1876-இல் நீரழுத்த முறையை விளக்கி எழுதினார். அதற்கு முன் 1871-இல் இலண்டன் ஹட்சின்சன் 2 வயதுக் குழந்தையொன்றை அறுவையால் பிழைப்பித்தார்.

அற்றேல், குடல் தட்டியவுடன் பல குழந்தைகள் நலமுறுவது எங்ஙனம் எனின், கூறுதும். வயிற்றுப் பொருமலும் செரியாமையும் பெரும்பாலும் தாமே தணிவன. புகழ் தட்டிய கைக்குச் சேர்கின்றது. குடற்செருகலிலோ நோவு அலையலையாய் வருவது. இரண்டலைகட்கு இடைப்பட்ட அமைதியை நலமென மயங்குதல் எளிது. சொல் பிழையன்று, ஒரு சொல் பல நோய்களைப் போர்த்து நிற்பதே இடர். வீங்கிய குடலை அழுத்துதல் தீங்குமாம்.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரசுத் தடுப்பு மருந்தால் இந்நோய் வருமோ என அஞ்சுவார்க்கும் ஒன்று கூறுவோம். அமெரிக்காவில் 1998-இல் வந்த முதல் மருந்து இக்காரணம் பற்றியே 1999-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, 2016-இல் இந்திய அரசு நம் நாட்டு மருந்தை வழங்கத் தொடங்கியபோது, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் பங்குகொள்ள, 27 மருத்துவமனைகளில் 2019 வரை ஆய்ந்தனர். அம்மருந்தால் குடற்செருகல் மிகுந்ததாகப் புலப்படவில்லை.

நண்பர்காள்! உங்கள் இல்லத்துச் சேய் விட்டுவிட்டு வீறிட்டு, பச்சையாய்க் கக்கிச் சோருமாயின், செந்நிறக் கழிவு தோன்றட்டும் எனக் காத்திராதீர். அது காலந்தாழ்த்தே வரும் அறிகுறி. விரைந்து மருத்துவமனை சேர்மின். எம் தெருப் பாட்டியார் இன்றும் எண்ணெய் தடவுகின்றார், ஆயினும் தூக்கி வருவாரை முதலில், "வாந்தி என்ன நிறம்?" என்று வினவிய பின்னரே குழந்தையைக் கையில் வாங்குகின்றார்.