நகராத மீன்

சென்ற தை மாதம் நம் கல்லூரி மொட்டை மாடியில் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வியாழன் கோளைக் காட்டுவதாகச் சொல்லி முதலாண்டு மாணவர்களை வரிசையில் நிறுத்தினேன். ஒருவர் பார்த்து அடுத்தவர் குனிவதற்குள் வியாழன் பார்வையை விட்டு ஓடிவிடும். "ஒன்றுமே தெரியவில்லையே!" என்ற சிரிப்பொலி இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

குற்றம் கருவியினுடையது அன்று, என்னுடையது. பூமி 4 நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்கிறது. தொலைநோக்கியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக, வடதுருவத்தை நோக்கி நிறுத்திவிட்டால், ஒரே திருகைத் திருப்பி விண்மீனைத் தொடரலாம். காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இம்முறையில் நிற்பதே. அச்சின் சாய்வு அவ்வூரின் அட்சரேகை அளவாகும். காவலூருக்கு ஏறத்தாழ 12½ பாகை. என் ஊரான கெங்கவல்லிக்கு 11½. துருவ நட்சத்திரமும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் தென்படும். நானோ அதைப் பாராமல், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தூண் அருகே காந்த ஊசியை வைத்து வடக்கைக் குறித்திருந்தேன்!

பேராசிரியரின் அனுமதியுடன் மாசி மாத விடுமுறையில் தொலைநோக்கியை ஊருக்குக் கொண்டு சென்றேன். வீட்டு வாசலிலிருந்து வடக்கே நோக்கினால் தென்னைகளே தெரிந்தன. 50 அடித் தென்னை 200 அடி தூரத்தில் நின்றாலும் 14 பாகை வரை மறைத்துவிடும் அல்லவா?

"என்னடா தேடுற?" என்றார் அப்பா.

"உங்களுக்குப் புரியாதுங்கப்பா" என்றேன். அவர் விடவில்லை. வேண்டாவெறுப்பாகச் சொன்னேன்.

"நவுராத மீனா? கெணத்து மேட்டுக்குத் தூக்கிட்டு வா."

மேட்டில் நின்று, தூரத்துப் பனைமரத்தின் வலப்பக்கம் கையை நீட்டினார். அங்கே மங்கலாக ஒற்றை விண்மீன்! "ராத்திரி கரண்ட்டுல மரவள்ளிக்குத் தண்ணி கட்டறப்ப எல்லா மீனும் எடம் மாறும். இது மட்டும் அங்கயே நிக்கும்" என்றார். நான் தலைகுனிந்தேன்.

அம்மீனும் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகியே இருக்கிறது. ஆகவே எஞ்சிய பிழையை விண்மீன்களின் நழுவலைக் கொண்டு திருத்தினேன். தென்வடல் கோட்டருகே நின்ற ஓரியனின் நடு மீன்களுள் ஒன்று தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. கிழக்கில் உள்ள மகம் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. துணி சுற்றிய டார்ச் விளக்கைப் பிடித்தபடி அப்பா இரண்டு மணி நேரம் உடன் நின்றார்.

பின்பு வியாழனை நோக்கித் திருப்பினேன். கோளும் நான்கு நிலவுகளும் நடுவில் நின்றன. நான் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க, அப்பா வெகுநேரம் பார்த்தார். "ஓடலையே!" என்றார்.

அடுத்த முறை மாடியில் தொலைநோக்கி வைக்கும்போது அப்பாவை அழைத்துவர எண்ணியிருக்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, உள்ளே வரக் கூசி, வெளிவாயிலிலேயே நின்றுவிட்டவர் அவர்.