காரையாறு அணைக்கு அந்தப் பக்கம்

தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பெருமைதான், மறுக்கவில்லை. உதாரணத்துக்கு, அம்பாசமுத்திரத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கல் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. ஆனால் தாமிரபரணி இறங்கி வருகிற அதே மலையில் இஞ்சிக்குழி என்று ஒரு காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பு இருக்கிறது. காரையாறு அணையைப் படகில் தாண்டி, புலிகள் காப்பகக் காட்டுக்குள் மைல்கணக்கில் நடக்கணும். 108-ஐக் கூப்பிட்டாலும் வண்டி அணைக்கரையோடு சரி.

அங்கே ஒரு மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்க நடந்தே போன தபால்காரர் கதையை 2021-இல் நாம் எல்லோரும் ஷேர் பண்ணினோம். நல்ல மனுஷன். ஆனால் பென்ஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கும். பனிக்குடம் உடைந்தால் காத்திருக்குமா? பிள்ளை பிறந்தபிறகு உதிரப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

"முன்கூட்டியே கீழே வந்து தங்க வேண்டியதுதானே?" என்பார்கள். மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? துணைக்கு வருகிற மாமியாருக்குச் சோறு? புருஷனின் கூலி? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 1987-இல் 300 ரூபாய் இருந்தது, 2018-இல் 18,000 ஆனது. நல்ல திட்டம், ஆனால் தவணை தவணையாகத்தான் வரும். செலவு தவணையில் வருவதில்லை பாருங்க.

மலையடிவார சுகாதார நிலையத்திலேயே நிறைமாதக்காரிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் துணையாளுக்கும் தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு, துணையாளுக்கு நாள்கூலி. நான் கேட்பது இவ்வளவுதான்.