கொம்பு கைப்பிடி அல்ல

செப்டம்பர் 3

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செம்மறிப் பட்டிகளில் வேலை குவிகிற மாதம் இது. குடற்புழுவுக்கு மருந்து ஊற்ற வேண்டும், துள்ளுமாரிக்குத் தடுப்பூசி போட வேண்டும், ஈரத்தில் அழுகாதபடி குளம்பைச் சீவிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஆட்டைப் பிடித்து நிறுத்துவது. மருந்தின் அளவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிடிக்கிற கையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கொம்புள்ள கிடாய் என்றால் கை தானாகவே கொம்புக்குப் போய்விடுகிறது. அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கட்சி. ஆட்டுக்கும் கேடு, பிடிக்கிற ஆளுக்கும் கேடு, வேலையும் தாமதமாகிறது.

முதலில் கொம்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வெளியே வரிவரியாகத் தெரிகிற ஓடு கெரட்டினால் ஆனது. நம் நகமும் அதே பொருள்தான். ஓட்டுக்கு வலி தெரியாது. ஆனால் அதற்குள்ளே மண்டையிலிருந்து வளர்ந்த எலும்புத் தண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகிற மெல்லிய படலம். வளர்ந்த கிடாயில் நெற்றி எலும்பின் காற்றறை கொம்பின் அடிக்குள்ளும் நீள்கிறது. ஆகையால் கொம்பு அடியோடு முறிந்தால் மண்டைக்குள்ளேயே வழி திறந்துவிடுகிறது. இரத்தம் நிற்பதற்குள் ஈ மொய்க்கும்; மழைக்காலமானால் புழு வைக்கும். இளம் கிடாய்க்குட்டியின் கதி இன்னும் மோசம். கொம்பு இறுகாத வயதில் பிடித்து இழுத்தால் ஓடு மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். சில ஆடுகளுக்கு முளைக்கிற குட்டைக்கொம்பு எலும்போடு சேராமல் தோலில் மட்டுமே நிற்கும். அது பிடிப்பதற்கான இடமே அல்ல.

செப்டம்பர் 4

நேற்று எழுதியதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. கிடாய்கள் பின்வாங்கி ஓடிவந்து முட்டிக்கொள்கின்றன. அந்த மோதலைத் தாங்குகிற கொம்பு ஒரு மனிதனின் கைக்கா முறியப்போகிறது? நியாயமான கேள்விதான். இதற்கான விடை, விசை எந்தத் திசையில் வருகிறது என்பதில் இருக்கிறது. முட்டும்போது கிடாய் தலையைத் தாழ்த்தி, பிடரியை இறுக்கி, நெற்றியும் முதுகெலும்பும் நேர்கோட்டில் வர உடலை அமைத்துக்கொள்கிறது. விசை அடர்ந்த நெற்றி எலும்பின் வழியாகக் கழுத்துத் தசைக்கு இறங்கி உடல் முழுவதும் பரவுகிறது. தவிர, அடி எப்போது விழும் என்று கிடாய்க்கே தெரியும். நாம் பிடிப்பதோ கொம்பின் நுனியை, இழுப்பதோ பக்கவாட்டில். நுனியில் கொடுக்கிற சிறு விசை நெம்புகோலாகி அடியில் பல மடங்காக விழுகிறது. கொம்பு தப்பினாலும் அந்தத் திருகல் கழுத்து எலும்புகளுக்குப் போகிறது. வண்டியில் ஏற்றும்போது கொம்பில் கயிறு கட்டிக் கம்பியோடு முடிந்துவிடுகிறார்களே, அதிலும் இதே ஆபத்துதான். வண்டி குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் உடலின் எடை முழுவதும் கழுத்தில் இறங்குகிறது.

பிடிக்கிற ஆளுக்கு வரும் கேட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொம்பைப் பற்றியதும் கிடாய் அதைச் சண்டைக்கான அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. தலையை உதறும், முன்னால் தள்ளும். சுவருக்கும் கொம்புக்கும் நடுவில் விரல் அகப்பட்டால் எலும்பு நொறுங்கும். கிடாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்து குளம்பு பார்ப்பவரின் முகம் கிடாயின் நெற்றிக்கு நேரே நிற்கிறது. குட்டியாக இருக்கும்போது நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடுகிற பிள்ளைகளையும் தடுக்க வேண்டும். அந்த விளையாட்டில் பழகிய குட்டி, வளர்ந்த பிறகு மனிதரைத் தனக்குச் சமமான கிடாயாகவே பார்க்கும்.

செப்டம்பர் 7

கொம்பை விட்டால் எதைப் பிடிப்பது? தாடையை. ஒரு கையை ஆட்டின் தாடை எலும்புக்குக் கீழே கொடுத்துத் தலையைச் சற்று உயர்த்தினால் ஆடு முன்னால் பாய முடியாது. தலை தாழ்ந்திருந்தால்தான் பாய்ச்சலுக்கு வேகம் கிடைக்கும். இன்னொரு கை பின்புறத்தைத் தாங்க, ஆட்டின் பக்கவாட்டை நம் தொடையோடு சேர்த்துச் சுவரிலோ படலிலோ அணைத்து நிறுத்தலாம். கிடாய்க்குப் பின்வாங்க இடம் இல்லாவிட்டால் முட்ட வேகமும் இல்லை. தொண்டையை அழுத்தாமல் எலும்பிலேயே கை நிற்க வேண்டும், அவ்வளவுதான். சினை ஆட்டை மல்லாக்கப் புரட்டக் கூடாது. நின்ற நிலையிலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைச் சீவலாம். மற்ற ஆடுகளையும் நெடுநேரம் மல்லாந்து கிடக்கவிட்டால் இரைப்பையில் வாயு சேர்ந்து மூச்சு முட்டும்.

மருந்து ஊற்றுவதில்தான் பிடியின் அருமை முழுவதும் தெரிகிறது. கொம்பைப் பிடித்துத் தலையைப் பின்னால் வளைத்து வாயில் மருந்தை ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். அப்போது இருமிவிட்டு ஓடுகிற ஆடு சில நாளில் நுரையீரல் அழற்சியில் படுத்துவிடும். பழியோ மருந்தின் மேல் விழும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகாமல் தாடையைத் தாங்கி, கடைவாய் ஓரத்தில் கொடுத்து, விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். துரத்திப் பிடித்து இரைக்க இரைக்க நிற்கிற ஆட்டுக்கு உடனே ஊற்றினாலும் இதே கதிதான். கீழ் இமையை விலக்கிச் சோகை இருக்கிறதா என்று பார்க்கவும் தலை அசையாமல் நிற்க வேண்டும். கொம்பில் மாட்டிய தலை அப்படி நிற்காது.

செப்டம்பர் 8

“நூறு ஆட்டுக்கு ஒரு காலைப் பொழுதில் ஊசி போட வேண்டும், இதற்கெல்லாம் ஏது நேரம்?” என்பது அடுத்த மறுப்பு. கணக்கைப் பார்ப்போம். ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், சென்னைச் சிவப்பு, திருச்சி கருப்பு இனங்களில் பொதுவாகக் கிடாய்க்குத்தான் கொம்பு, பெட்டைகள் மொட்டை. ஏறக்குறைய 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது வழக்கமான வீதம். நூறு ஆட்டில் கொம்புள்ளவை வளரும் குட்டிகளையும் சேர்த்துச் சிலவே. அந்தச் சிலவற்றுக்காகக் கூடுதலாகச் செலவாவது சில நிமிடம். உண்மையில் நேரத்தைத் தின்பது துரத்தல்தான். செம்மறி கூட்டத்தோடு இருந்தால் அடங்கி நிற்கும். தனியே பிரித்தால் மிரளும். கிடை போடுகிறவர்களிடம் படல் இருக்கிறது. இரண்டு படலை மூலையில் சார்த்தி, ஆடுகள் நெருக்கி நிற்கும் அளவுக்கு இடத்தைக் குறுக்கிவிட்டால் ஓடவே இடம் இல்லை. இரும்புக் கூண்டு வாங்கப் பணம் தேவையில்லை.

இன்னொன்று, இந்த வேலை ஒரே நாளோடு முடிவதில்லை. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிக்க ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி முகாம்களில் ஆடுகளைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும். செம்மறிக்கு நினைவாற்றல் இல்லை என்று நினைப்பது பிழை. 2001இல் ‘நேச்சர்’ இதழில் கீத் கெண்ட்ரிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் 50 ஆடுகளின் முகங்களை 2 ஆண்டுவரை நினைவில் வைத்திருந்தன. முகத்தை மறக்காத உயிர், தன்னைத் திருகிய கையை மட்டும் மறந்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இன்றைக்கு முரட்டுத்தனமாகப் பிடித்து மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்த முகாமில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க நேரும்.

செப்டம்பர் 11

கொம்பே இல்லாத மேச்சேரியை வளர்த்துவிட்டால் போயிற்று என்பாரும் உண்டு. மேச்சேரி நல்ல இனம். ஆனால் அந்தந்த வட்டாரத்து வறட்சிக்கும் மேய்ச்சலுக்கும் பழகிய இனங்களை, பிடிக்கிற வசதிக்காகக் கைவிடுவது பெரிய இழப்பு. கொம்பைச் சுடுவதும் அறுப்பதும் ஆட்டுக்குக் கொடிய வேதனை. நம் பிடியைத் திருத்திக்கொண்டால் அதற்கு அவசியமே இராது. கொம்பு வளைந்து கன்னத்தைக் குத்த வரும்போது மட்டும் உயிரில்லாத நுனியை அறுக்கலாம். அப்போதும் கொம்பின் அடியைத்தான் பற்ற வேண்டும், கூடவே தாடையைத் தாங்க வேண்டும். நெருக்கடியில் கிடாயைத் திசை திருப்பவும் அடியில் கைவைக்கலாம். இழுக்கவோ தூக்கவோ கூடாது.

மழைக்கு முன் மருந்து ஊற்றப்போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் தொடங்குங்கள், படலைச் சார்த்திவிட்டுத் தொடங்குங்கள். கிடாயைக் கடைசிக்கு வைக்காதீர்கள். அது களைக்காமலும் மிரளாமலும் இருக்கும்போதே, கூட்டத்தின் நடுவிலேயே, தாடையில் கைகொடுத்துப் பிடியுங்கள்.