விழுந்திருந்தன

போன வருஷம் ஆபீஸில் ஆங்கில எழுத்து வகுப்பு ஒன்று நடந்தது. கடைசி வாரம் கொடுத்த வேலை, ஒரு சஸ்பென்ஸ் கதை. மூன்று இறந்தகாலமும் அதில் வர வேண்டும். சிம்பிள் பாஸ்ட் கதையை நகர்த்தும். பாஸ்ட் கன்டினியூவஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது அந்த 'ஹேட்', அதற்கும் முன்பே நடந்து முடிந்ததைச் சொல்லும்.

பேய் பங்களாவெல்லாம் எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே திகில் இரவை எழுதினேன். 2018 நவம்பர் 16. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயின் கடைமடை. அந்தக் கால்வாயைப் புதாறு என்போம். வயலில் சம்பா, வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது.

கதை இப்படிப் போனது. காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போயிருந்தது. தோப்புப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பினார். "என்னங்க சத்தம்?" என்றாள் அம்மா. "மட்டை விழுந்திருக்கு, படு" என்றார். மட்டைதானே என்று நானும் தூங்கிவிட்டேன். விடிந்து கதவைத் திறந்தோம். தென்னைகள் விழுந்திருந்தன.

படித்துவிட்டு ஆசிரியர் சொன்னார்: "கிராமர் சரி. ஆனா புயல்ல மரம் விழும்னு எல்லாருக்கும் தெரியுமே, இதுல சஸ்பென்ஸ் எங்க? யாருக்கு எது முன்னாடியே தெரியும்னு பாருங்க. 'ஹேட்' அங்கதான் வரணும்."

பார்த்தேன். நான் 'ஹேட்' போட்டது மரத்துக்கு. போட வேண்டியது அப்பாவுக்கு. டார்ச்சோடு வெளியே போனவர் எதைப் பார்த்திருந்தார்? தமிழில் 'போனார், பார்த்தார், வந்தார்' என்று எழுதிக் கடந்துவிடலாம். எது முன், எது பின் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் என்னை அங்கேயே நிறுத்திக் கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று இரவே போன் செய்தேன்.

"அப்பா, அன்னிக்கு ராத்திரியே மரம் விழுந்தத பாத்துட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பாத்தேன். எழுப்பி என்ன செய்ய? புதுசா வச்சா காய்க்க அஞ்சாறு வருஷம். அந்த ஒரு ராத்திரியாவது ரெண்டு பேரும் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எனக்கு அப்பவே தெரியும். மட்டை விழுந்ததுக்கா மனுசன் செருப்பக்கூடக் கழட்டாம வந்து உக்காருவாரு?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் இது புதுச்செய்தி போல.

கதையைத் திருத்தி எழுதினேன். அதில் இப்போது இரண்டு 'ஹேட்' கூடுதலாக இருக்கின்றன. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. இருட்டில் ஆளுக்கொரு பக்கமாக, மற்றவர் தூங்கட்டும் என்று அசையாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அன்று தூங்கியவன் நான் ஒருவன்தான். எனக்கு சிம்பிள் பாஸ்ட் போதும்.