அறிவியல் ஆசிரியரின் நம்பிக்கைகளும் டிஜிட்டல் கதையும்

டிஜிட்டல் கதைசொல்லல் என்பது ஒருவர் தம் அனுபவத்தைத் தம் குரலிலேயே பேசி, புகைப்படங்களும் இசையும் சேர்த்து, சில நிமிடக் குறும்படமாக ஆக்கும் முறை. 1990-களில் கலிஃபோர்னியாவில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் ஆகியோர் நடத்திய பட்டறைகளில் இது உருப்பெற்றது. ஆசிரியர் கல்வியிலும் இன்று இதற்கு இடமுண்டு.

ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர் பள்ளிப் பருவம் முழுவதும் ஆசிரியர்களைப் பார்த்தே வளர்ந்தவர். கற்பித்தல் என்றால் இதுதான் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிடுகிறது. சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975-இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கினார். அறிவியல் பாடத்தில் இதன் விளைவு பெரிது. அறிவியலை முடிந்த முடிவுகளின் தொகுப்பாகக் கருதுபவர் வரையறைகளை எழுதிப்போடுவார். தேடலாகக் கருதுபவர் சோதனையை மாணவர் கையில் கொடுப்பார்.

வினாப்பட்டியல் இந்த நம்பிக்கைகளை முழுதாக வெளிக்கொணராது. 'செய்முறை அவசியம்' என்ற கூற்றுக்கு யாரும் எளிதில் 'ஆம்' என்று குறித்துவிடலாம். கதை சொல்பவரோ எந்த நிகழ்வைச் சொல்வது, எந்தப் படத்தை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுகளில் அவர் உள்ளத்தில் இருப்பது தெரியும். படத்தில் ஆசிரியர் கரும்பலகை முன் நிற்கிறாரா, மாணவர் அருகே அமர்ந்திருக்கிறாரா என்பதும் ஒரு சான்றே.

இத்தகைய பட்டறையில் ஆசிரியர்கள் முதலில் கதையை எழுதிக் குழுவில் வாசிப்பார்கள். பிறகு குரல்பதிவு, தொகுப்பு, திரையிடல், கலந்துரையாடல் என்று பணி நகரும். சக ஆசிரியரின் கதையைப் பார்க்கும்போது தம் எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. கதை நினைவிலிருந்து எழுவது; பார்ப்போருக்காக மெருகேறவும் கூடும். ஆகவே வகுப்பறை நோக்கலும் நேர்காணலும் துணை நிற்க வேண்டும். கதையைப் பகிர ஆசிரியரின் ஒப்புதல் கட்டாயம். கற்பிக்கும் முறையை மாற்றச் சொல்வதற்கு முன், ஆசிரியர் எதை நம்புகிறார் என்று கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.