ஓர் அங்குலச் சேனை

ராபின் ஹூட்டின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும், தகப்பனார் காலத்து ராலே சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்த் துணியால் துடைத்து நிறுத்தியவர்களும், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நாட்டிங்ஹாம் நகரத்தை நேரில் பாராமலே ஒருவாறு அறிவார்கள். ராபின் ஹூட் கதையோடு போனான். சைக்கிள் தொழிற்சாலை 2002-ஆம் ஆண்டில் கதவடைத்து, அதன் பழைய நிலத்தின் ஒரு பகுதியில் சர்வகலாசாலைக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றிருந்த லேஸ் தொழிலும் பேரளவில் பழங்கதையாகிவிட்டது. ஆயினும், உற்பத்தி செய்து உலகத்துக்கு அனுப்பும் வழக்கத்தை இந்த ஊர் அடியோடு கைவிட்டுவிடவில்லை. ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிக உயரமுள்ள போர்வீரர்களையும் பூதங்களையும் பிளாஸ்டிக்கில் வார்த்து, கண்டம் கண்டமாக ஏற்றுமதி செய்யும் விசித்திரமான கைத்தொழில் ஒன்று இங்கே செழித்திருக்கிறது என்று கேள்வியுற்றே நான் அங்கே சென்றேன்.

இந்தப் பொம்மைகள் அலமாரியில் நிற்பதற்கென்று மட்டும் பிறந்தவையல்ல. பெரிய மேஜையொன்றின் மீது குன்று, தோப்பு, இடிந்த கோட்டை முதலியவற்றைப் பரப்பி, இருவர் எதிரெதிரே தத்தம் சேனையை அணிவகுத்து நிறுத்தி, நகரும் தூரத்தை அளவு நாடாவால் அளந்து, அடித்தவன் பிழைத்தானா, அடிபட்டவன் மாண்டானா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் யுத்த விளையாட்டு இது. பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1824-ஆம் ஆண்டு வாக்கில் பயிற்சிக்காகக் கைக்கொண்ட மேஜைப் போரும், நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிகள் வகுத்து எழுதிய புத்தகமும் இதன் முன்னோர்கள். லண்டனில் 1975-இல் மூன்று நண்பர்கள் சிறிய அளவில் ஆரம்பித்த கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் ஸ்தாபனம், பச்சைத் தோல் ஓர்க்குகளும் கூர்ஞ்செவி எல்ஃபுகளும் தாடிக் குள்ளர்களும் மோதும் வார்ஹாமர் விளையாட்டை 1983-இல் வெளியிட்டது. அதே மனோராஜ்யத்தை ஏறக்குறைய நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நட்சத்திர மண்டலங்களுக்குக் கொண்டுபோய் 1987-இல் இன்னொன்றும் வெளியிட்டது. இன்று நாட்டிங்ஹாமின் லெண்டன் பகுதியில் தலைமையகம் அமைத்திருக்கும் அந்த ஸ்தாபனம், 2024-ஆம் ஆண்டு முடிவில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் வரிசையில் இடம்பெற்றது. அங்கே வேலை கற்று வெளிவந்தவர்கள் சுற்றுவட்டாரத்திலேயே தனிப் பட்டறைகளும் கம்பெனிகளும் ஆரம்பிக்க, முற்காலப் பொம்மைகள் ஈயக் கலவையில் வார்க்கப்பட்டதை நினைந்து, இப்பிரதேசத்தையே ஈய வட்டாரம் என்று தொழிலில் உள்ளவர்கள் வழங்குகிறார்கள்.

தலைமையகத்து வாசலில் கவசமணிந்த வீரனின் பிரம்மாண்டமான சிலையொன்று காவல் நிற்கிறது. உள்ளே காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எண்ணிலடங்காத பொம்மைகள் மலைச்சரிவுகளில் ஏறியும் கோட்டைச் சுவர்களிலிருந்து விழுந்தும் போரிடும் காட்சிகளை நெடுநேரம் பார்த்தேன். ஆனால், அவ்வளவு கோலாகலத்தைப் பார்த்த பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பவன் திகைத்துப்போவான்; ஏனெனில் அதற்குள் பொம்மை என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. சாம்பல் நிறச் சட்டங்கள் சில இருக்கின்றன. அவற்றில் தலை ஓரிடத்திலும், உடல் ஓரிடத்திலும், வாளேந்திய கை ஓரிடத்திலுமாக அங்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்படித் துண்டாடியிருப்பதற்கு வியாபார தந்திரம் காரணமன்று. எஃகின் சுபாவமே காரணம். ஈயமும் வெள்ளீயமும் வார்த்த நாளில் அச்சு ரப்பரால் ஆனது. சிற்பி தூக்கிய கையின் கீழும் மடிந்த அங்கியின் உள்ளும் எவ்வளவு குடைந்திருந்தாலும், ரப்பர் வளைந்துகொடுத்துப் பொம்மையை விட்டுவிடும். பிளாஸ்டிக்குக்கு, உருகிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தோடு உட்செலுத்த வேண்டியிருப்பதால், இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும் எஃகு அச்சு வேண்டும். அது இம்மியும் வளையாது. உட்குடைவு ஏதேனும் இருந்தால் பொருள் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே, எந்த அங்கத்தை எந்தக் கோணத்தில் பிரித்தால் குடைவின்றி வெளிவரும் என்றும், பிரித்த இடம் ஒட்டிய பிறகு கவசத்தின் விளிம்பிலோ வாரின் அடியிலோ எப்படி மறையும் என்றும் முன்கூட்டியே யோசிப்பது இத்தொழிலின் ஒரு தனி வித்தை. முன்பெல்லாம் மூன்று மடங்கு பெரிய மூல உருவத்தைக் கையால் செய்து, அதை இயந்திரத்தால் சுருக்கி எஃகில் வெட்டினார்கள். இப்பொழுது அந்தச் சிற்பவேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது.

கையால் செய்யும் சிற்பிகள் அற்றுப்போய்விட்டார்கள் என்பதல்ல. இவ்வட்டாரத்து இரட்டைச் சகோதரர்களான ஆலன் பெர்ரியும் மைக்கேல் பெர்ரியும் மஞ்சளும் நீலமுமான இருவகைப் பசையைப் பிசைந்தால் கிடைக்கும் பச்சைக் களிம்பில் உருவங்கள் சமைப்பதில் பெயர் பெற்றவர்கள். பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியொன்றில், 1996-இல், பீரங்கி விபத்தில் மைக்கேல் தம் வலக்கையை இழந்தார். பிறகு இடக்கையைப் பழக்கி, அதே நுட்பத்தோடு வேலையைத் தொடர்ந்தார் என்பது, வித்தை விரலில் மட்டும் குடியிருப்பதன்று என்பதற்கு இவ்வூரார் காட்டும் சாட்சி.

இயந்திரம் பாதியில் நிறுத்திய காரியத்தை மனிதக் கை எப்படி முடிக்கிறது என்பதை, மற்றவர்களுக்காகக் கூலிக்கு வர்ணந்தீட்டித் தரும் ஓர் அம்மையாரின் வீட்டில் கண்டேன். செங்கல் வீட்டின் பின்னறையில், வடக்கு நோக்கிய ஜன்னலோரமாக மேஜை. முதலில் சட்டத்திலிருந்து அங்கத்தை இடுக்கி வெட்டியால் நறுக்குகிறார்; உடலோடு ஒட்ட நறுக்காமல் சிறிது காம்பு விட்டு நறுக்கி, அதைக் கத்தியால் சீவி எடுக்கிறார். அடுத்து, அச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடத்தில் மயிரிழை போல் ஓடும் விளிம்பைக் கத்தியின் முதுகால் சுரண்டுகிறார். சோம்பேறி இதை விட்டுவிட்டால், பிற்பாடு பூசும் ஒவ்வொரு வர்ணமும் அந்த விளிம்பை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். ஒட்டுவதற்குப் பயன்படும் திரவமும் சாதாரணப் பசையன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாகவே இறுகச் செய்வது.

ஒட்டிய உருவத்தைத் தக்கையொன்றின் மேல் நிறுத்தி, பிரைமர் என்னும் அடிப்பூச்சைச் சீராக விசிறிப் பூசுகிறார். முதலில் முழுவதும் கறுப்பு. அது உலர்ந்தபின் உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை. வர்ணம் தொடுமுன்பே, சூரியன் தலைக்கு மேல் நிற்கும் வெளிச்சம் பொம்மையின் மீது விழுந்துவிடுகிறது. ஏன் இந்தப் பிரயாசை என்று கேட்டதற்கு அவர் கூறிய விளக்கம் என் மனத்தில் நன்கு பதிந்தது. ஓர் அங்குல உருவத்தின் மூக்கும் கன்னமும், அறை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும்படியான நிழலைத் தாமாக விழச்செய்ய வல்லவையல்ல. ஆகையால் நிழலையும் ஒளியையும் தீட்டியே காட்டவேண்டும். அதையும் இயற்கையைக் காட்டிலும் மிகையாகத் தீட்டினாலொழிய, மூன்றடி தூரத்தில் மேஜைக்கப்பால் நிற்பவனுக்கு அது வெறும் பச்சைக் கட்டியாகத்தான் தோன்றும்.

அன்று அவர் கையில் இருந்தது ஓர்க் தலைவன். ஈரப் பஞ்சின் மேல் விரித்த காகிதத்தில் வர்ணத்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, தடித்த ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிய இரண்டு பூச்சாகப் பச்சையிட்டார். பின்பு மை போன்ற கருந்திரவத்தை வழியவிட, அது தசைமடிப்புகளில் தங்கி நிழலாயிற்று. பச்சையோடு சிறிது மஞ்சள் சேர்த்துப் புஜத்தின் மேட்டிலும், இன்னும் சிறிது மஞ்சள் சேர்த்து விரல் மூட்டுகளிலும் ஏற்றினார். கடைசியில் கண். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டார். பொம்மை அசைந்தால் தூரிகையும் உடன் அசையும், ஆகவே நடுக்கம் தெரியாது. சேபிள் ரோமத் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, குழிவில் வெள்ளைக் கீற்று ஒன்று. அது உலர்ந்ததும், மேலிமையிலிருந்து கீழிமை வரை தொடும்படி கருமையாக ஒரு சிறு கோடு. பாவையை நடுவில் புள்ளியாக வைத்தால் அச்சத்தில் விழிப்பவன் போலாகிவிடுமாம். இமைகளைத் தொட்டால்தான் பார்வை ஓரிடத்தில் நிலைக்குமாம். நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து இறக்கிய கொலுப் பொம்மைக்குக் கண் திறக்கும் பாட்டிமார்களிடத்தில் நாம் காணும் சிரத்தைக்கு அது கிஞ்சித்தும் குறைந்ததன்று.

வருமானத்தைப் பற்றிக் கேட்டேன். அணியில் நிற்கும் சாதாரண வீரனுக்குச் சில மணி நேரம், தலைவனுக்கோ பல நாள். மணிக் கணக்குப் பார்த்தால் கடைச் சிப்பந்தியின் சம்பளத்துக்கு மேல் தேறுவது அரிது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இலங்கையிலும் மேல்நாட்டு வாடிக்கைக்காரர்களுக்கு இப்படிப் பொம்மை தீட்டி அனுப்பும் பட்டறை இருப்பதால், போட்டியும் இல்லாமலில்லை. ஆனால் மற்றக் கைத்தொழிலாளர்களுக்கு வாய்க்காத ஒரு பாக்கியம் தமக்கு உண்டு என்று அவர் சொன்னதைத்தான் இக்கட்டுரையின் சாரமாகக் கருதுகிறேன். அவரிடம் வேலை கொடுப்பவர்களில் அநேகமாக எல்லோரும் இரவு கண்விழித்துத் தாமே பொம்மை தீட்டிப் பார்த்தவர்கள். பாதியில் நின்ற பெட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள். ஒரு கண் தீட்ட எவ்வளவு மூச்சடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தாமதத்துக்குக் கோபிப்பதில்லை. விலையில் அதிகம் பேரம் பேசுவதில்லை. நல்ல வேலையைக் கண்டால், எந்த இடத்தில் நன்றாயிருக்கிறதென்று சுட்டிக்காட்டியே மெச்சுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு தொடங்கிய கோல்டன் டீமன் என்னும் பொம்மை தீட்டும் போட்டியில் தலைசிறந்த பொம்மைக்கு ஒரு வாளைப் பரிசளிக்கும்பொழுது, கூடியிருப்பவர்கள் சும்மா கைதட்டுவதில்லை, ரஸித்துக் கைதட்டுகிறார்கள் என்றால், அதற்கும் இதுவே காரணம்.

குழந்தை விளையாட்டுக்கு வளர்ந்தவர்கள் இவ்வளவு பொழுதைச் செலவிடுவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இயந்திரத்தில் முழுமையாகச் செய்து முடித்த பொருளை வாங்கி வாங்கி, கைவேலையின் அருமையை மதிக்கும் சக்தியையே நாம் இழந்துவருகிறோம். பண்ணுருட்டிப் பொம்மையும் பத்தமடைப் பாயும் நலிகின்றனவே என்று வருந்துகிறவர்கள் கண்காட்சியும் மானியமும் கேட்கிறார்கள், அவை வேண்டியவைதாம். ஆயினும், வாங்குகிறவனுடைய கை அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்து பார்த்திராவிட்டால், மானியம் வாங்கிய பொருளும் பேரத்திலேதான் போய் முடியும். ஆகையால் பள்ளிக்கூடங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம், களிமண்ணையும் கோரையையும் தூரிகையையும் பிள்ளைகள் கையில் கொடுப்போம். விலையைப் பற்றி அவர்கள் பெரியவர்களான பிறகு பேசிக்கொள்ளலாம்.